சீனி கேட்டு வந்த பிள்ளைகள்

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் என்ன எழுதக் கூடாது என்று பெரியப்பா முன்கூட்டியே சொல்லிவிட்டார். "நல்லதை மட்டும் எழுதும்மா. நம்ம வீட்டுப் பொம்பளைங்க பிள்ளைங்களைப் போட்டு அடிச்ச கதையெல்லாம் ஊருக்கு எதுக்கு?"

மன்னிக்க வேண்டும் பெரியப்பா. அதை விட்டுவிட்டால் அக்காவைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

அக்கா அந்தமான் தீவுகளில் உள்ள ரங்கத்தில் பிறந்தவர். சாலை வேலைக்காக ராமநாதபுரத்திலிருந்து வந்த அப்பாவின் மூத்த மகள். மணமாகிப் பத்துபஸ்திக்கு வந்தார். அத்தானுக்குக் கப்பலில் வேலை. மாதத்தில் பாதி நாள் கடலில்தான். பிள்ளைகள் இருவரையும் அக்கா தனியாகவே வளர்த்தார். ஒருநாள் டிபன் பாக்ஸைத் தொலைத்துவிட்டு வந்த மகளை அறைந்து, கன்னத்தில் விரல் தடத்தைப் பார்த்து நடுங்கிப்போனாராம். இதை அவரே எல்லோரிடமும் சொல்வார்.

அதன்பிறகுதான் அந்த ஏற்பாடு. ஆத்திரம் தலைக்கேறினால், தெருவில் எந்தத் தாயும் பிள்ளையிடம் காலி டம்ளரைக் கொடுத்து, சீனி வாங்கிவர அக்கா வீட்டுக்கு அனுப்பலாம். பிள்ளைக்கு பிஸ்கட் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, அக்கா அந்தத் தாயைப் பார்க்கப் போவார். வம்பளக்கப் போகிறாள் என்றார்கள் உறவினர்கள். "அழுறதுக்கு ஒரு ஆள் வேணும்ல?" என்பார் அக்கா.

நான் டம்ளர் அனுப்பியதில்லை. சொந்த அக்கா என்பதாலேயே வெட்கம். எனக்குக் கடைத்தெரு இந்தி பேச வரும், படிக்க வராது. ஆறாம் வகுப்பில் என் மகன் இந்தி நோட்டை ஒளித்தான். "உனக்குப் பட்னா நஹீ ஆதா, படிக்கவே வராது, நோட்டு எதுக்கு கேக்குற?" என்றான். ஸ்கேல் உடையும்வரை அடித்தேன். அவன் அக்கா வீட்டுக்கு ஓடினான்.

அக்கா வந்து என்னைத் திட்டவில்லை. "நீ கெட்டவ இல்லடி. அவன் சொன்னது உனக்குச் சுட்டுடுச்சு. அதை வாயால அவன்கிட்ட சொல்லு."

சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். பெற்றவள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதா என்று சிரித்தவர்களுக்கு இங்கேயே பதில் சொல்கிறேன்: கேட்டேன், தேவைப்பட்டால் இன்னொரு முறையும் கேட்பேன். அடித்த தாய்மார்களின் பட்டியல் வேண்டுமென்றால் முதலில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

நோய் முற்றிய நாள்களில் மருத்துவமனையில் முறைவைத்து அக்காவின் அருகில் இருந்தவர்கள் அந்தத் தாய்மார்களே. தமிழ், பெங்காலி, தெலுங்கு என்று எல்லா வீட்டுக் கஞ்சியும் அக்காவுக்கு வந்தது. அவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்தக் கட்டுரையை எழுதச் சொல்லி, ஒரு வரியும் குறையாமல் அச்சகத்தில் கொண்டு சேர்த்தவர் பெரியப்பாவின் மருமகள். தானும் அக்காவிடம் அழுதவள் என்று எழுதச் சொன்னவரும் அவரே. அவருக்குத் தனியாக ஒரு நன்றி.