கறுப்புப் பட்டைகளைத் தாண்டியவர்

நாகூர்ப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்த கோரைப்பாய்கள் அவை. சைகோனில் எங்கள் பள்ளிவாசலின் தரை முழுக்க விரிந்து கிடந்தன. தொழ நிற்பவர்கள் வரிசை கோணாமல் நிற்க, கால் வைக்கும் இடத்துக்கும் நெற்றி வைக்கும் இடத்துக்கும் அடையாளமாகக் கையகலத்தில் கறுப்புப் பட்டைகள் போட்டு நெய்திருப்பார்கள். என் உம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, அந்தப் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி முன்வரிசைக்குப் போவது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. தெருவில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தவர், உள்ளே மாப்பிள்ளை மாதிரி நடந்தார். அதுவே அவருக்கு வினையாகவும் வந்தது.

பெரிய சந்தைக்குப் பக்கத்தில் மாமாவுக்குத் துணிக்கடை. கல்யாணமான கையோடு காரைக்காலிலிருந்து போன நான் அங்கேதான் வேலை பார்த்தேன். பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிப் போய், அமெரிக்கச் சிப்பாய்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். மாமாவின் சிரிப்புக்காகவே கடைக்கு வருகிறவர்கள் உண்டு. மாமி வியட்நாம்காரி. அவர் பேசும் தமிழைக் கேட்டால் காரைக்காலிலேயே பிறந்தவர் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

முதலில் வலது கைதான். சும்மா இருக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தஸ்பீஹ் மணி உருட்டுவதுபோல் உருண்டுகொண்டே இருக்கும். நம் ஆட்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்? "கல்லாவுல உக்காந்தும் திக்ரை விடமாட்டேங்குறாஹ பாருங்க" என்று, இறைவன் பெயரை ஓயாமல் ஓதுவதாக மெச்சினார்கள். எங்களுக்காக துஆ செய்யுங்கள் என்று வேறு வந்து நின்றார்கள். தாமாக ஒன்றும் உருட்டவில்லை, விரல் கேட்கமாட்டேன் என்கிறது என்று மாமா சொல்லச் சொல்ல, அவருடைய அடக்கத்துக்கும் சேர்த்துப் பாராட்டு விழுந்தது. எனக்கு அதை நினைத்தால் இப்போதும் சிரிப்புதான் வருகிறது.

பிறகு முதுகு முன்னால் வளைந்தது. குரல் தேய்ந்து வார்த்தைகள் குழறின. கடை வாசலைத் தாண்டும் நேரத்தில் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். முகம் இறுகி, சிரிப்பும் போய்விட்டது. தெருவெங்கும் மதுக்கடைகள் முளைத்து, தள்ளாடும் சிப்பாய்களைப் பார்த்துப் பழகிப்போன ஊர். திக்ரு என்று புகழ்ந்த அதே வாய்கள் இப்போது மாமா குடிக்கிறார் என்றன. ஊருக்குப் போகாமல் தங்கிவிட்ட ஒரு பிரெஞ்சு டாக்டர் பார்க்கின்சன் நோய் என்று பெயர் சொல்லி, வாயை வறள வைக்கும் மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். தீராது, மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும் என்றும் மறைக்காமல் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் மாமாவின் ஒரே மகளுக்குச் சம்பந்தம் பேசியிருந்தோம். மாப்பிள்ளையின் வாப்பா சைகோனை ஒட்டிய சோலோனில் கடை வைத்திருந்தவர். அவர் பேச்சை நிறுத்திவிட்டார். நோய் என்று நான் போய்ச் சொன்னபோது அவர் திருப்பிக் கேட்டார். "நோயா இருந்தா எல்லா எடத்துலயும்தானே இருக்கணும்? பள்ளிக்குள்ள மட்டும் எப்படி நேரா நடக்குறாஹ? தெளிஞ்ச பொறவுதானே உள்ள வர்றாஹ?" ஆத்திரமாக வந்தது. ஆனால் அந்தக் கேள்வி எனக்குள்ளேயும் இருந்தது.

ரமலான் நெருங்கியதும், வழக்கம்போல் பாய்களையெல்லாம் கழுவி வெயிலில் போட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை மழை முந்திக்கொண்டது. பாய்கள் காயவில்லை, வெறும் சிமெண்டுத் தரை. மாமா உள்ளே நுழைந்து நாலடி வைத்ததும் நின்றுவிட்டார். முழங்கால் நடுங்குகிறது, பாதம் நகரவில்லை. பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளையின் வாப்பா நெருங்கி வந்து அவர் முகத்தருகே குனிந்தார். எதற்குக் குனிந்தார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எந்த வாடையும் இல்லை. மாமா உட்காரட்டும் என்று, பாங்கு சொல்லும் மோதினார் காய்ந்திருந்த ஒரே பாயைக் கொண்டுவந்து அவர் காலடியில் உருட்டி விட்டார். மாமா குனிந்து பட்டையைப் பார்த்தார். அதைத் தாண்டினார், அடுத்ததைத் தாண்டினார். பாய் முடிந்த இடத்தில் மறுபடியும் நின்றார். பள்ளிவாசலே பார்த்துக்கொண்டிருந்தது.

தானாக வரவேண்டிய நடை அந்த நோயில் தடைப்பட்டுவிடும், கண்ணெதிரே ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்டுவதாக நினைத்துக் கால் எழுந்துவிடும் என்று வெகுகாலம் கழித்துக் காரைக்காலில் ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். அன்று எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. இந்த மனிதர் குடிக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

மாலையில் சம்பந்தி வீடு தேடி வந்தார். மாமாவின் கையைப் பிடித்து, அண்ணன் முறை வைத்து, "தப்பா நெனச்சுட்டேன் நானா, மன்னிச்சுக்குங்க" என்றார். மாமாவின் முகத்தில் ஓர் அசைவு இல்லை. கண்கூட இமைக்கவில்லை. கோபம் ஆறவில்லை போலும் என்று சம்பந்தி தலை குனிந்து எழுந்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது. திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற மாமி சட்டென்று வெளியே வந்தார்.

"ஒக்காருங்க. அவஹ சிரிக்கிறாஹ. ஒங்களுக்குத்தான் தெரியல."

மாமா மெதுவாகத் தலையசைத்தார். மகள் கல்யாணம் நடந்தது. மாமி கடையிலிருந்து கறுப்புத் துணியைக் கிழித்து வீட்டுத் தரையெங்கும் பட்டை பட்டையாக ஒட்டினார். கடைசி வரைக்கும் அந்த வீட்டுக்குள் மாமா நடந்தார்.

போன வருடம் சைகோன் போயிருந்தபோது பள்ளிவாசலுக்குப் போனேன். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. கோரைப்பாய்கள் போய்க் கம்பளம் வந்திருக்கிறது. வாசலில் நின்று முதலில் தரையைத்தான் பார்த்தேன். கம்பளத்தில் வரிசைக்குக் கோடு போட்டிருந்தார்கள். மாமா நடந்துவிடுவார்.