இசெல்டாவின் வாக்குமூலம்

எங்கள் தீவின் நீதிமன்றத்தில் இசெல்டாவுக்குப் பத்தொன்பது வருடச் சேவை. வழக்கு எண்ணைக் கூப்பிடுவாள், நீதிபதி ஆல்ட்னருக்குக் கோப்புகளை எடுத்துக் கொடுப்பாள். வம்புக்கு வாய் திறந்தவள் இல்லை. அதனால்தான் அவ்வளவு காலம் தாக்குப்பிடித்தாள்.

கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகள் இங்கே தெருவுக்கு நாலு பேர் உண்டு. தகப்பன் யாரென்று ஊருக்கே தெரியும். யாரும் சொல்ல மாட்டார்கள். தகப்பன் செத்தால்கூட அந்தப் பிள்ளைகள் மாதா கோயிலில் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார்கள். இதற்கு மரியாதை என்று பெயர். எனக்கு அது கோழைத்தனமாகத்தான் படுகிறது.

விதவை விர்ஜினியின் கடலோர வீட்டுமனைக்குப் படகுக்காரன் கெஸ்டர் உரிமை கொண்டாடினான். வழக்காடுபவர்களில் தனக்கு உறவினர் உண்டா என்று நீதிபதி எழுதித் தர வேண்டும் என்பது புதிய விதி. ஆல்ட்னர் ‘இல்லை’ என்று எழுதினார். மனை கெஸ்டருக்குப் போயிற்று. கெஸ்டரோ ஆல்ட்னரின் அப்பாவுக்கு வெளியே பிறந்தவன். ஆல்ட்னர் அதைப் பொய் என்றே நினைத்திருக்க மாட்டார். வெளிப்பிள்ளையை உறவென்று எழுதும் பழக்கம் இங்கே யாருக்கு இருக்கிறது?

முன்பெல்லாம் நீதிபதி மேல் புகார் கொடுத்தால், அது அவரோடு டோமினோ ஆடும் கூட்டாளிகளிடமே போய்ச் சேரும். இந்த முறை விர்ஜினியின் புகார் எல்லாத் தீவுகளுக்கும் பொதுவான ஆணையத்துக்குப் போனது. அங்கிருந்து விசாரிக்க இரண்டு பேர் வந்தார்கள். ஊர் வாயை மூடிக்கொண்டது.

“நீயும் கைய விரிச்சிட்டா நான் எங்கடி போவேன்?” என்று விர்ஜினி இசெல்டாவிடம் அழுதாள்.

விசாரணையில் ஆல்ட்னர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

“கெஸ்டர் இவரோட தம்பின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார் ஆணையத்து அம்மாள்.

“ஊருக்கே தெரியும் மேடம்.”

“ஊர் சொல்றத நாங்க எழுதிக்க முடியாதும்மா. உங்களுக்கு நேரா தெரிஞ்சதைச் சொல்லுங்க.”

இசெல்டாவின் அம்மா உயிரோடு இருந்தாள். இத்தனை வருடமும் அம்மா கட்டிக்காத்த மானம் ஒரு வாக்கியத்தில் போய்விடும்.

“நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்ப, இவரோட அப்பா பெரியவர் ஆல்ட்னர் சனிக்கிழமையானா மீன் பைய என் கையில குடுத்து, ‘உன் தம்பி கெஸ்டர் வீட்டுல குடுத்துட்டு வா’ன்னு அனுப்புவார்.”

“உங்க தம்பியா?”

“ஆமா மேடம். எனக்கும் அவர்தான் அப்பா.”

“இசெல்டா, போதும்!” என்றார் ஆல்ட்னர்.

“எழுதிக்குங்க மேடம். இதையும் இல்லைங்கிறாரான்னு எங்க அண்ணனையே கேளுங்க.”

ஆல்ட்னர் இல்லை என்று சொல்லவில்லை.