மியூசிக்கல் சேரும் பதினேழு மணியும்

இடுப்பெலும்பு முறிந்து, ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினோரு நாள் கிடந்தேன். படுத்தே கிடப்பவனுக்கு எண்ணுவதைத் தவிர என்ன வேலை? வார்டில் இருபத்திரண்டு கட்டில்கள். பகலில் மூன்று நர்ஸுகள். பௌர்ணமியன்று இரண்டே பேர். கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். இருவரில் ஒருத்தி அங்கிருந்து நடந்தே வந்திருந்தாள்.

ஊழியர்களை உற்சாகப்படுத்த நிர்வாகத்துக்கு அந்த நாள்தான் கிடைத்தது. மூன்று மணிக்குக் கீழே ஹாலில் மியூசிக்கல் சேர். போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டுமாம். சூப்பர்வைசர் அம்மா வார்டுக்கே வந்து கூப்பிட்டார்.

"பத்து நிமிஷம்தாம்மா. ஒரு சுத்து சுத்திட்டு, சிரிச்சிட்டுப் போ."

"காலையிலருந்து சுத்திக்கினுதான் இருக்கேன் மேடம். உக்காரத்தான் சேர் கிடைக்கல" என்றாள் நடந்து வந்தவள்.

இன்னொருத்தி பயந்துகொண்டு கீழே போய்விட்டாள். பத்து நிமிடம் ஐம்பது நிமிடமானது. அதற்குள் நோயாளிகள் பதினேழு முறை மணி அடித்தார்கள். பதின்மூன்றாவது நான், பெட்பேன் வேண்டியிருந்தது. பதினேழுக்கும் நடந்து வந்தவள் ஒருத்தியே ஓடினாள். ஒவ்வொன்றின் நேரத்தையும் என் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் அவளுக்கு மெமோ. நிகழ்ச்சியில் ஏன் ஆர்வம் காட்டவில்லை?

"இதோட மூணு ஐயா. மன்னிப்பு எழுதிக் குடுக்கலேன்னா வேலை போயிடும்."

"குடுக்கப் போறியாம்மா?"

"என்னா தப்பு பண்ணேன்னு எழுதறது?"

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் என்னிடம் கருத்துப் படிவம் நீட்டினார்கள். ஐந்து சிரித்த முகங்கள். ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். நான் பின்பக்கத்தில் பதினேழு மணிகளையும் நேரத்தோடு எழுதிக் கையெழுத்திட்டேன்.

"பின்னாடியெல்லாம் எழுதக்கூடாது ஐயா" என்று சூப்பர்வைசர் புதுப் படிவம் கொடுத்தார். அதிலும் எழுதினேன். மூன்றாவது வந்தது.

"குடுத்துக்கினே இருங்கம்மா. பேனாவுல இங்க் ஜாஸ்தியாவே இருக்கு."

நான்காவது வரவில்லை. முதல் படிவத்தை நர்ஸிடமே கொடுத்தேன். மன்னிப்புக் கடிதத்துக்குப் பதில் அதைத்தான் மெமோவோடு பின் அடித்துக் கொடுத்தாளாம்.

ஆறு வாரம் கழித்து எக்ஸ்ரேக்குப் போனேன். வார்டு வரை இருபத்தெட்டுப் படிகள், வலித்தது, ஏறினேன். அவள் அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தாள்.

"சேர் கிடைச்சுதாம்மா?"

"எங்க ஐயா! ஆனா மன்னிப்பு எழுதல. இன்னும் இங்கதான் இருக்கேன்."

சொல்லி முடிப்பதற்குள் ஏதோ ஒரு கட்டிலிலிருந்து மணி அடித்தது. ஒன்று.