பல் போன கருட சேவை

ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளினால் லேசாக உப்புக் கரிக்கும். அந்தச் சுகத்துக்காகவே ஏழு வயதில் என் கீழ்ப்பல்லை ஆட்டிக்கொண்டே திரிந்தேன், பிடுங்க மட்டும் யாரையும் விடவில்லை. எங்கள் வீட்டில் பல் பிடுங்குவது சித்தப்பாவின் வேலை. பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவர், காதுக்குப் பின்னாலிருந்து புளிப்பு மிட்டாய் எடுக்கிற வித்தைக்காரர். "அதோ பாரு, கொரங்கு!" என்று அவர் கூரையைக் காட்ட, அண்ணன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவன் பல் அவர் கையில் இருந்தது.

"கண்ணு எங்க போவுதோ மனசும் அங்க போயிடும்மா. கடையிலயும் அதான், முந்தியை விரிச்சிட்டா விலைச்சீட்டை யாரு பாக்கறா?" என்பார்.

நான் அண்ணனைப் போல ஏமாளி இல்லை என்பதுதான் அப்போது என் பெரிய கர்வம். குரங்கு, மயில், பள்ளிக்கூடத்து டீச்சர் என்று சித்தப்பா எதைக் காட்டினாலும் திரும்பாமல், அவர் கைகளை மட்டுமே பார்த்தேன்.

கருட சேவையன்று விடியற்காலையில், தெருக்கூட்டத்தில் நிற்கும்போது, அவர் சட்டைப்பையிலிருந்து பட்டு நூல் எடுத்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"நான் இழுக்க மாட்டம்மா. ஒரு முனை பல்லுல, ஒரு முனை உன் கையில. நூலே உங்கிட்டதான இருக்குது, அப்புறம் இன்னா பயம்?"

நியாயமாகத்தான் பட்டது. பல்லில் சுற்றி, மறுமுனையை என் மணிக்கட்டில் முடிந்துவிட்டு, தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நானும் அவர் முதுகுப் பக்கம் போய் நின்று அந்தக் கைகளையே காவல் காத்தேன்.

தெருமுனையில் குடைகள் தெரிந்தன, கருடன்மேல் பெருமாள் வந்தார், தெருவே "கோவிந்தா!" என்று கத்தியது. நானும் கத்திக்கொண்டே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டேன். சித்தப்பாவின் கைகள் கட்டியபடியே இருந்தன. என் பல் என் கண்ணெதிரே நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அழலாமென்றால், யார் மேல் கோபப்பட்டு அழுவது என்றுதான் தெரியவில்லை.

போன மாதம் சித்தப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எங்கள் தெருப் பிள்ளைகளின் பல்லையெல்லாம் பிடுங்கியவருக்கு இன்று சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை, ஊசி என்றால் மட்டும் உயிரே போகிறது. நர்ஸம்மா பஞ்சை எடுத்ததுமே கையை இழுத்துக்கொண்டார்.

"சித்தப்பா, அதோ குடை வருது பாருங்க!" என்று ஜன்னலைக் காட்டினேன்.

அங்கே தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு கையை நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, மறு கையைத் தலைக்கு மேல் தூக்கி, பொக்கை வாயால் சத்தமாக, "கோவிந்தா!" என்றார்.