ராகு காலத்தில் வந்த கான்கிரீட் லாரி

என் அக்காள் கணவர் சாமிநாதன் மாமா மலாக்காவில் ஒரு பஸ் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த பஸ் எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எவ்வளவு தாமதம் என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதுவதுதான் வேலை. அவர் எழுதினார் என்பதற்காக எந்த பஸ்ஸும் நேரத்துக்குப் புறப்பட்டதில்லை. தாமதம் என்ற கட்டம் நிரம்பாத நாளே கிடையாது. ஓய்வு பெற்ற பின் பஸ் இல்லாமல் கை அரித்திருக்க வேண்டும், வீட்டில் நடப்பதையெல்லாம் எழுத ஆரம்பித்தார். தபால்காரர் வந்தது, குழாயில் தண்ணீர் நின்றது, பக்கத்து வீட்டுப் பூனை சுவர் ஏறியது, எல்லாவற்றுக்கும் மணியும் நிமிடமும் உண்டு.

போன வருடம் நளினி அக்கா குளியலறையில் விழுந்தாள். பக்கவாதம். இடது கையும் காலும் போயின, பேச்சு மெதுவானது, சக்கர நாற்காலி வந்தது. அதற்குப் பிறகு மாமாவுக்கு நாள்காட்டிப் பைத்தியமும் சேர்ந்துகொண்டது. ராகு காலம் பார்க்காமல் பல் துலக்கும் பிரஷ்கூட வாங்க மாட்டார். அக்காவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் நேரத்தை மட்டும் அவரால் மாற்ற முடியவில்லை. டாக்டர்களுக்கு ராகுவைத் தெரியாதாம், வருத்தப்பட்டுக்கொண்டார்.

அவர்கள் வீடு டுரியான் துங்காலில் ஒரு தாமானில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில் இருக்கிறது. பின்கட்டில் நல்ல இடம் உண்டு, மண்தான் களிமண். மழை பெய்தால் நாற்காலிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. நாலு நாள் வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். துணி காயப்போடும் கொடி அந்த மண்ணைத் தாண்டி, பத்து எட்டு நடக்கும் தூரத்தில் இருந்தது. அந்தப் பத்து எட்டை அக்கா எட்டு மாதமாகக் கடக்கவில்லை.

"என் துணிய நானே காயப் போடணும் வாணி," என்பாள் என்னிடம். வேறு எதையும் அவள் கேட்டதில்லை. கேட்டதிலும் நியாயம் இருந்தது. மாமா துணி காயப்போடும் அழகு அப்படி. அக்காவின் உள்பாவாடையை பின் சந்தில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிகிற மாதிரி முதல் வரிசையில் போட்டு, தன் லுங்கியைப் பத்திரமாகப் பின்னால் மறைத்து வைப்பார்.

ஒருநாள் மாமா அறிவித்தார். "பின்னால கான்கிரீட் தரை போடப்போறேன். சாயங்காலம் காத்தாட உக்காந்து டீ குடிக்கலாம்லா." அவர் வாழ்நாளில் டிவிக்கு முன்னால் தவிர வேறெங்கும் டீ குடித்ததில்லை. பெண்டாட்டிக்காகச் செய்கிறேன் என்று சொன்னால் வாயில் புண் வந்துவிடும் என்று பயந்தாரோ என்னவோ.

நான் புக்கிட் காத்தில் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடையில் பதினேழு வருடமாகச் சிமெண்டு விற்கிறேன். சிமெண்டு விற்கிற பொம்பளைக்குச் சிமெண்டைப் பற்றி என்ன தெரியும் என்பது மாமாவின் தீர்மானமான கருத்து. ஆகவே நான் சொன்னபோது காதில் வாங்காதவர், அதையே ரஹீம் சொன்னபோது நோட்டில் எழுதிக்கொண்டார். ரஹீம் வீட்டு வேலைகள் எடுத்துச் செய்கிற சின்ன காண்டிராக்டர்.

"அண்ணே, இந்த மண்ணு தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும். மேல போடுற தரைய நிம்மதியா இருக்க விடாது. ஓரடி தோண்டி எடுத்துட்டு, உடச்ச கல்லு கொட்டி, நல்லா இடிச்சு இறுக்கணும். அதுக்கு மேல கம்பி வலை. வீட்டுப் பக்கம் தண்ணி வராம சாய்வு. அப்புறம் கான்கிரீட்டு."

கம்பி வலை வரை எல்லாம் முறைப்படி நடந்தது. மாமாவும் குறை வைக்கவில்லை. சாய்வு சரியா என்று பார்க்க வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, அது ஓடிய நேரத்தையும் எழுதிவைத்தார். நாள்காட்டியைப் புரட்டிக் கான்கிரீட் ஊற்ற நாளும் குறித்தார். வெள்ளிக்கிழமை, ஒன்பதேகால், நல்ல நேரம். நானும் கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றேன்.

வழியில் ரோட்டில் மரம் விழுந்திருந்ததால் கான்கிரீட் லாரி பத்து முப்பத்திரண்டுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு ஆரம்பம்.

"மாமா, ரெண்டு நிமிஷந்தானே! ராகு இப்பதான் சட்டை மாட்டிக்கிட்டு இருப்பாரு. ஊத்தச் சொல்லுங்க," என்றேன்.

"லேட்டுன்னா லேட்டுதான்," என்றார் மாமா. முப்பத்தொரு வருடம் அரை மணி, முக்கால் மணி தாமதங்களைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாத மனிதருக்கு அன்றைக்குத்தான் வீரம் வந்தது. "பன்னெண்டு மணி வரைக்கும் நிக்கட்டும்."

ரஹீம் தலையில் கை வைத்தார். "அண்ணே, இது லாரிலா, பஸ் இல்ல. உள்ள இறுகிடும். எனக்கு ஜும்ஆ தொழுகைக்கும் போகணும்."

லாரி ஓட்டுநர் மலாய்க்காரர். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று கேட்டார். சூரியனை விழுங்குகிற பாம்பு ஒன்று இருக்கிறது என்று மாமா தனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினார். ஓட்டுநர் அண்ணாந்து பார்த்தார். சூரியன் யாராலும் விழுங்கப்படாமல் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அவர் நாங்கள் கொடுத்த மைலோவைக் குடித்துவிட்டு, இறுகத் தொடங்கிய கான்கிரீட்டில் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

பன்னிரண்டு ஒன்றுக்கு மாமா உத்தரவு கொடுத்தார். வந்து விழுந்தது ஆறிப்போன கேசரி மாதிரி கட்டி கட்டியாக இருந்தது. கொட்டி முடித்துப் பாதி நிரவுவதற்குள் பன்னிரண்டே முக்கால். ரஹீமும் அவருடைய ஆட்களும் கை கால் கழுவிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல வாயில்லை. மீதிப் பாதியை நானும் மாமாவும் ஒரு பலகையை வைத்துக்கொண்டு உச்சி வெயிலில் இழுத்தோம். நல்ல நேரத்தில் செய்யும் வேலை எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

சாயங்காலமே வெடிப்பு விட்டிருந்தது. கான்கிரீட்டுக்கு அடியிலிருந்த களிமண்ணைத்தான் எடுத்துவிட்டோமே, அது மேலே ஏறி வந்துவிட்டதோ என்று சந்தேகம் வருகிற அளவுக்கு அச்சு அசலாக அதே வெடிப்பு. "மேலாக்கத்தான். உள்ள கல்லு மாதிரி இருக்கு," என்றார் மாமா.

இரண்டு வாரம் கழித்து அக்காவை வெளியே கொண்டுவந்தோம். நல்ல நேரம் பார்த்துத்தான். அவள் மடியில் ஈரத் துணி வைத்திருந்தாள். வலது கையால் சக்கரத்தைத் தானே தள்ளினாள், பின்னால் மாமா லேசாகப் பிடித்திருந்தார். பாதி தூரத்தில் முன்பக்கச் சின்னச் சக்கரம் வெடிப்பில் இறங்கி மாட்டியது. நாற்காலி சாய்ந்தது. நான் பாய்ந்து பிடிப்பதற்குள் அக்காவின் முழங்கை தரையில் உரசி ரத்தம் வந்துவிட்டது. அவள் அழவில்லை. கொடியை ஒருமுறை பார்த்துவிட்டு, "உள்ள போலாம்," என்றாள். அன்றைக்கு மாமாவை எனக்கு அறவே பிடிக்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை.

மறுநாள் மாமா சம்மட்டி எடுத்தார். அறுபத்து மூன்று வயதில் ஒன்பது நாள் தனியாக நின்று அந்தத் தரையை உடைத்தார். யாரையும் கிட்டே விடவில்லை. ஆனால் நாள்காட்டி சுவரிலேயேதான் இருந்தது.

ரஹீமைக் கெஞ்சிக் கூத்தாடித் திரும்ப வரவழைத்தேன். அவர் அளந்துவிட்டுக் கறாராகச் சொன்னார். "திங்கக்கெழம காலையில ஏழரைக்கு லாரி வரும். வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சு, ஈரச் சாக்கு போட்டு மூடிடணும். இல்லாட்டி வேற ஆளப் பாருங்க."

மாமா நாள்காட்டியைப் பார்க்கப் போகவேயில்லை. மனப்பாடம்தான். "திங்கக்கெழம ஏழரையிலேருந்து ஒம்பது ராகு காலம். ஒம்பது அஞ்சுக்கு வரச் சொல்லு தம்பி."

ரஹீம் அளவு டேப்பைச் சுருட்டினார்.

"என்னாங்க." சமையலறை வாசலில் நாற்காலியில் இருந்த அக்காவின் குரல். ஒவ்வொரு சொல்லாக வந்தது. "நான் விழுந்தது… எத்தன மணிக்கு?"

மாமா நோட்டைப் பார்க்கவில்லை. "செவ்வாக்கெழம. எட்டு பத்து."

"அது என்ன நேரம்?"

"நல்ல நேரம்," என்றார் மாமா. "ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னிக்கே பாத்துட்டேன் நளினி. நல்ல நேரம்னுதான் போட்டிருந்துச்சு."

இத்தனை நாளும் அதைத் தெரிந்துகொண்டுதான் இந்த மனிதர் நாள்காட்டியைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்.

"அப்புறம் என்ன," என்றாள் அக்கா. "ஏழரைக்கே ஊத்தச் சொல்லுங்க."

ஊற்றினார்கள். ஒன்பது மணிக்குள் முடிந்தது. ஏழு நாள் சாக்கு காயவிடாமல் மாமா தண்ணீர் தெளித்தார். மயிரிழை வெடிப்புக்கூட இல்லை. ரஹீம் வந்து பார்த்துவிட்டு, ராகு நல்ல கொத்தனார் என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வானம் கறுத்து மழை வருகிற நேரம். உலகத்தில் யாரும் துணி காயப்போடாத நேரம். அக்கா ஒரு ஈரத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு யாரையும் கேட்காமல், வலது கையும் வலது காலுமாகத் தள்ளிக் கதவைத் தாண்டி உருண்டுபோனாள். மாமா கூடப் போக எழுந்தவர், அவள் கையசைத்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். தாழ்த்திக் கட்டியிருந்த கொடியில் அவள் ஒரு கையால் துண்டைப் போட்டு, இழுத்துச் சரிசெய்து, இரண்டு கிளிப்பும் மாட்டினாள்.

என் வாய் சும்மா இருக்குமா? "மாமா, ஞாயித்துக்கெழம நாலரையிலேருந்து ஆறு என்ன காலம்னு ஞாபகம் இருக்குல்ல?"

அவர் என் பக்கம் திரும்பவில்லை. நோட்டை எடுத்து எழுதினார். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். நளினி, புறப்பட்ட நேரம் 5.10 என்று இருந்தது. தாமதம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார்.