ராஜினாமாவை ஏற்க ஆளில்லாத மந்திரி

டெனிஸ்டனுக்கு ஃபவ்ஸி மேல் இருந்த கோபம், அந்த மனிசன் செத்தும் தீரவில்லை. ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் ஒரே கட்டடத்தில் இத்தனை வருசம் இருந்தும், அவர் ஒருநாளாவது லிப்ட் பட்டனைத் தன் விரலால் அமத்தியதில்லை. கீழே நின்று கைத்தடியால் நிலத்தில் தட்டுவார். கட்டடத்தைப் பராமரிக்கிற டெனிஸ்டன், அடைத்த குழாயை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து அமத்த வேண்டும். மந்திரி பட்டன் அமத்தலாமா?

மந்திரிதான். முன்னாள் என்று சொன்னால் சன்னதம் ஆடுவார்.

அரபு தேசமொன்றில் அரசர் ஆண்ட காலம். ஃபவ்ஸி துறைமுகத்தில் கிளாக்கராகத் தொடங்கி, அரசரின் மொழிபெயர்ப்பாளர், ஒரு மாகாணத்துக்கு ஆளுநர் என்று ஏறி, இளவயதிலேயே ரயில்வே மந்திரியானவர். அந்த நாட்டில் ரயில் இல்லை. தண்டவாளமும் இல்லை. வெளிநாட்டுக் கம்பனி ஒன்று அன்பளிப்பாகத் தந்த எஞ்சின் மட்டும் மணலுக்குள் நின்றது. பின்னேரங்களில் அரசர் அதில் ஏறியிருந்து தேத்தண்ணி குடிப்பார். அடுத்து எந்த ஸ்டேசன் வருகிறது என்று மந்திரி பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும்.

இதற்கிடையில், தண்டவாளம் வருகிறது என்று சொல்லிச் சனத்தின் பேரீச்சந் தோட்டங்களைப் பறித்தாயிற்று. மனம் கேளாமல் ஃபவ்ஸி ராஜினாமா செய்வதாகச் சொன்னார். வேட்டைக்குப் போய்வந்து முடிவு சொல்வதாக அரசர் சொல்லிவிட்டுப் போனார். போன இடத்தில் இருக்கும்போதே பட்டாளம் அரண்மனையைப் பிடித்துவிட்டது. அரசர் திரும்பவில்லை. மந்திரி ஓடி ஓடிக் கடைசியில் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தார்.

அவரும் டெனிஸ்டனும் பேசியது ஓட்டை இங்கிலீஷில். தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"மந்திரியாவே செத்தனெண்டா, அந்தத் தோட்டங்களுக்கு மேலுலகத்தில என்னட்டைத்தான் கணக்குக் கேப்பினம். ஆராவது என்ரை ராஜினாமாவை ஏற்கவேணும்."

"அரசர்தான் இல்லையே, சேர்."

"அரசர் இல்லாட்டி, சபை."

சபை தானாகவே வந்தது. டெனிஸ்டனின் ஊர்ப் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கத்துப் பொதுக்கூட்டத்துக்கு வரவேண்டிய பிரதம விருந்தினர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். தலைவர் அகஸ்ரின் போன் எடுத்தார்.

"டேய், உன்ரை பில்டிங்கில ஒரு முன்னாள் மந்திரி இருக்கிறாராமே?"

"இன்னும் மந்திரிதான் அண்ணை. அதுதான் அவற்றை பிரச்சினையே."

"கூட்டிக்கொண்டு வா. பொன்னாடை வாங்கியாச்சு, வீணாகக் கூடாது."

நகரத்தின் மறுபக்கம், மில்லிக்கனில் ஒரு கடைத்தொகுதிக்கு மேலே மண்டபம். மந்திரி கறுப்புக் கோட்டில், நெஞ்சில் பதக்கத்தோடு வந்தார். முதலில் அகஸ்ரின் எழும்பி, உடல்நிலை காரணமாகத் தலைவர் பதவியை ராஜினாமா செய்வதாக அறிவித்தார். வருசாவருசம் அறிவிக்கிறவர். "ஏற்கமாட்டம்!" என்று சபை வருசாவருசம் கத்துகிற மாதிரியே கத்தியது. அகஸ்ரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே கதிரையில் இருந்தார்.

பிறகு மந்திரி எழும்பினார். எஞ்சினைச் சொன்னார், தோட்டங்களைச் சொன்னார், திரும்பிவராத அரசரைச் சொன்னார். "நீங்கள் முறையாகக் கூடின சபை. என்ரை ராஜினாமாவை உங்களிட்டைத் தாறன்" என்று தலை குனிந்தார். டெனிஸ்டன் ஒரு சொல் விடாமல் தமிழாக்கினான்.

பொருளாளர் யோகராணி பாய்ந்து எழும்பினார்.

"அதெல்லாம் ஏலாது ஐயா! உங்களைப் போல மனச்சாட்சி உள்ள ஆக்கள் விலகினா நாடு என்னத்துக்காகும்?"

"ஏற்கமாட்டம்!" என்றது சபை. கைதட்டல் நிற்கவில்லை. டெனிஸ்டன் மேசையில் அடித்து, "ஐயோ, ஏற்றுவிடுங்கோ, அவர் உண்மையாத்தான் கேக்கிறார்" என்று கத்திப் பார்த்தான்.

"நீ இரு. பெரிய மனிசர் உப்பிடித்தான் சொல்லுவினம்" என்று அகஸ்ரின் மந்திரிக்குப் பொன்னாடை போர்த்தினார். ராஜினாமா ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது.

திரும்பும்போது, நெடுஞ்சாலையில் மந்திரி பொன்னாடையைக் கழற்றி மடித்தார்.

"உங்கடை சனத்துக்கு என்ன விசரா? என்னை அவைக்குத் தெரியாதே."

"தெரியாதபடியாத்தான் சேர்."

அந்த மாரியில் மந்திரிக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஹீற்றர் பார்க்கப் போன டெனிஸ்டன், அவர் கட்டிலில் இருந்து இழுத்திழுத்து மூச்சு விடுவதைக் கண்டு அம்புலன்ஸை அழைத்தான். ஸ்ரெச்சரில் ஏற்றும்போது அவன் கையை எட்டிப் பிடித்தார்.

"இன்னொரு கூட்டம் வையும்."

"முதல்ல ஆசுப்பத்திரிக்குப் போவம், சேர்."

"கேளும் நான் சொல்லுறதை. நல்ல சனம் வேண்டாம். பொன்னாடையும் வேண்டாம். என்னைக் கண்டாலே பிடிக்காத ஆக்களாப் பார்த்துக் கூப்பிடும்."