வெயில் புகாத பெயர்

என் கடை ஜன்னல் கண்ணாடியில் ஒரு ஃபிலிம் ஒட்டியிருக்கிறது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். தண்ணீர் போலத் தெளிந்த தாளில் கறுப்பாக என் தங்கச்சியின் பெயர், அதைச் சுற்றி ஒரு கோலக்கொடி. வில்லியனூர் வெயில் மேற்கே சாய்ந்ததும் அந்தப் பெயரின் நிழல் கடைத் தரையில் விழும். பையில் பேர் போட வருகிறவர்கள் அதை மிதித்துக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். நான் மட்டும் சுற்றிக்கொண்டு போவேன்.

கல்யாணம் ஆகும்வரை தங்கச்சியும் என்னோடு இதே கடையில்தான் வேலை பார்த்தாள். நான் ஸ்கிரீன் போடுவேன், அவள் கழுவுவாள். எங்கள் வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில் மருந்து பூசி, அதன்மேல் எழுத்து அடித்த ஃபிலிமை வைத்து வெயிலில் காட்டுவோம். வெயில் பட்ட இடமெல்லாம் மருந்து இறுகிவிடும். கறுப்பு எழுத்து வெயிலை மறைத்த இடம் மட்டும் இளகலாகவே இருக்கும். தண்ணீர் அடித்தால் அது கரைந்து வழி திறக்கும், அந்த வழியாக மை இறங்கும். கறுப்பு சரியில்லை என்றால் ஒன்றும் இல்லை.

அந்த ஃபிலிமை அதுவரை டவுனில் போட்டு வாங்கிக்கொண்டிருந்தோம். "என் கல்யாணத் தாம்பூலப் பையையாவது நம்ம கையால அடிப்போம்ணே" என்று அவள்தான் பிடிவாதமாக ஒரு பழைய பிரிண்டரை வாங்க வைத்தாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். மெஷின் இங்கிலீஷில் எதைக் கேட்டாலும் பயந்துபோய் 'ஓகே'யை அமுக்கிவிடுவேன். அப்படித்தான் முதல் ஃபிலிமும் வந்தது.

கழுவினால் மாப்பிள்ளை பெயர் திறந்தது. பெண் பெயர் திறக்கவில்லை. நெட்டப்பாக்கத்து மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிடித்த டிசைனில் அவர் பெயர் தடித்த எழுத்து, இவள் பெயர் முடி போல மெல்லிசு. கல்யாணப் பையில் பெண் பெயர் வரவில்லை என்றால் ஊர் என்ன சொல்லும்? அம்மா வேறு தலையில் கைவைத்துக்கொண்டு, "இன்னாடா இது, பொண்ணு பேரு வரமாட்டுதே, யார்கிட்டயும் சொல்லிடாதடா" என்றாள்.

தங்கச்சி சிரித்தாள். "பேரு வரலன்னா இன்னாம்மா, நான் வருவன் இல்ல? ஆளைப் பாத்துக்கினு போவட்டும்." அப்படிச் சொன்னவள்தான், நாங்கள் அந்தப் பக்கம் திரும்பியதும், அதே இடத்தில் திரும்பத் திரும்பத் தண்ணீர் அடித்து விரல் நுனியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதை நான் பார்த்துவிட்டேன்.

மருந்து பழசோ, வெயில் பற்றவில்லையோ என்று அடுத்த ஸ்கிரீனை இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வெயிலில் காட்டினேன். மாப்பிள்ளை பெயரும் அடைத்துக்கொண்டது. "இப்பதாண்ணே ரெண்டு பேரும் சமம்" என்றாள் தங்கச்சி.

பிறகு என்ன தோன்றியதோ, ஃபிலிமை எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்தாள். மேசைமேல் வெள்ளைத்தாளில் வைத்தபோது காக்காய்க் கறுப்பாக இருந்த எழுத்து, வெயிலில் சாயம்போன துணியாக இருந்தது. "அண்ணே, இது கறுப்பே இல்ல. வரக்காப்பி!"

விரலை நாக்கில் தொட்டு ஃபிலிமின் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் வழுக்கியது, ஒரு பக்கம் ஒட்டியது. "எந்தப் பக்கத்துல அடிச்ச?" வழுக்குகிற பக்கத்தில்தான் அடித்திருந்தேன். ஒட்டுகிற பக்கம் உருளையில் ஒட்டிக்கொண்டு மெஷின் நின்றுபோனால்? அந்தப் பயம் எனக்கு. "ஒட்டற பக்கந்தாண்ணே மையைக் குடிக்கும். மெஷினு நின்னா நிக்கட்டும், கல்யாணம் எனக்கு, மெஷினுக்கு இல்ல."

மெஷின் என்ன தாள் என்று கேட்டதற்கு நான் அமுக்கியிருந்தது சாதாரணத் தாள். சாதாரணத் தாளுக்கு எவ்வளவு மை போதுமோ அவ்வளவுதான் அது விட்டிருக்கிறது. அவள் எழுத்துக்கூட்டிப் படித்து, போட்டோ தாள் என்று மாற்றி, தரத்தை உச்சத்தில் வைத்தாள். பிரிண்டர் எங்கள் ஊர்த் தேர் மாதிரி நகர்ந்து நின்று, நகர்ந்து நின்று அடித்தது. நின்ற ஒவ்வொரு தடவையும் என் மூச்சும் நின்றது. ஆனால் ஒட்டவில்லை, முழுசாக வந்தது. காற்றாடியில் காயவைத்து வெயிலில் பிடித்தோம். கறுப்பு! ஆனாலும் எழுத்தின் நடுவில் ஊசி முனை அளவுக்கு அங்கங்கே வெளிச்சம்.

"இன்னொண்ணு அடிண்ணே. பாவாடைக்கு உள்பாவாடை மாதிரி."

ஒன்றின்மேல் ஒன்றாக, எழுத்துமேல் எழுத்து உட்கார வைக்கவேண்டும். நான் வைத்தால் ஓரம் விலகியது. அவள் வாங்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு பொருத்தி டேப் ஒட்டினாள். வாசலுக்கு ஓடிச் சூரியனுக்கு நேரே பிடித்தோம். உச்சி வெயில், அந்த எழுத்துக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் நுழையவில்லை. நான் கத்திவிட்டேன். எதிர்க்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று எழுந்து வந்தார்.

அன்றைக்குக் கழுவியது இன்னும் கண்ணில் நிற்கிறது. ட்யூப் தண்ணீர் பட்டதும் முதலில் கோலக்கொடி திறந்தது. பிறகு அவள் பெயரின் முதல் எழுத்து, அதன் சுழி, அதன் கால். சட்டத்தைத் தூக்கிப் பிடித்தாள். அவள் பெயர் வழியாகப் பின்னால் இருந்த கரும்புக் கொல்லையின் பச்சை தெரிந்தது. அம்மா முந்தானையால் சட்டத்தின் ஓரத்தை மட்டும் துடைத்தாள்.

பை அடித்து முடித்ததும் ஃபிலிமில் அவள் பெயர் இருந்த துண்டை வெட்டி ஜன்னலில் ஒட்டிவிட்டேன். இப்போது தங்கச்சி நெட்டப்பாக்கத்தில் சொந்தமாக ஸ்கிரீன் போடுகிறாள். எங்கள் வேலையில் இன்னும் வராத கெடுதலுக்கெல்லாம் நான் இங்கே கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். போன வாரம் சாயங்காலம் வந்தவள், நான் தரையில் கிடந்த நிழலைச் சுற்றிப் போவதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாண்ணே, இன்னும் சுத்திக்கினுதான் போறியா?"

"மிதிச்சா உனக்கு எதனா ஆயிடுமோன்னுதான்."

தோளைப் பிடித்து இழுத்து ஜன்னலுக்கு நேரே என்னை நிறுத்தினாள். தரையில் கிடந்த பெயர் எழுந்து என் வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தது, கொடியோடு, சுழியோடு, கறுகறுவென்று. நான் நகரப் பார்த்தேன்.

"அசையாதண்ணே," என்றாள். "மை காயல."